எழுத்தில்லாத உயிர்

பயிற்சிக் குறிப்பேட்டின் நான்காவது நிரல்:
"இவ்வாரம் கற்றுக்கொண்டவை."
மூன்று விரற்கடை அகலம்.
சமன்மலி மிஸ்ஸின் கையெழுத்துக்கும்
அதற்குள்ளேதான் இடம் விடவேண்டும்.

முதல் வாரம் கற்றுக்கொண்டவை:
புதுக்கடையில் வழி கேட்டால்
கறுப்புக் கோட்டுக்காரர் எல்லோரும் வழி சொல்வார்கள்,
வேறு வேறு வழி.
மூன்றாம் இலக்க மன்றில்
நாற்பது நிமிடத்தில் முப்பத்தொரு வழக்கு.
நீதவானின் சிங்களம் வேகமானது,
ஆனாலும் எனக்கு விளங்கியது.
வெள்ளவத்தையில் வளர்ந்தவளுக்கு
அதில் ஒரு சின்னக் கர்வம்.

ஆறாம் வாரம், வியாழக்கிழமை
மகசின் சிறைக்கு அனுப்பினார்கள்.
பிணை கிடைத்தும் வெளியே வராதவர்களைப்
பட்டியல் எடுக்கவேண்டும்.
காரணத்துக்கு இரண்டு கட்டங்கள்:
பணமில்லை. ஆளில்லை.
ஒன்றில் சரி போட்டால் போதும்.

அரியமுத்து, வயது இருபத்தாறு,
ஊர் பொகவந்தலாவை,
ஆட்டுப்பட்டித்தெருவில் கொத்து போடுகிறவர்.
திருடியதாகச் சொல்லப்படுவது ஒரு கேஸ் சிலிண்டர்,
அதுவும் வெறுஞ்சிலிண்டர்.
ஏன் இன்னும் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வேற எங்கங்க போறது?
ஐயாதான் வேணாம்னுட்டாருங்களே."

எந்த ஐயா?

"மேல உக்காந்திருந்த ஐயா.
என்னயப் பாத்து, எப்பா, அப்டின்னாரு.
எனக்குத் தெரிஞ்ச சிங்களம் அது ஒண்ணுதாங்க.
கடையில நாளுக்கு நூறு தடவ கேக்குறது.
மிளகா எப்பா. முட்டை எப்பா."

பிணைக்கு அவர்கள் சொல்லும் சொல்
அந்த எப்பாவின் பக்கத்து வீட்டுக்காரன்.
அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே
வாயை அகட்டித் தொடங்கி
கடைசியில் நீளாமல் நின்றுவிடும்.
அந்த முதல் உயிருக்குத்
தமிழில் எழுத்தில்லை.
அறிக்கையில் மூன்றுவிதமாய் எழுதிப் பார்த்து
மூன்றையும் வெட்டினேன்.
மூன்றாவது கட்டமும் அந்தத் தாளில் இல்லை.

ஐயாயிரம் ரூபாய், ஓராளின் கையெழுத்து,
அவ்வளவுதான் அன்று அவர் சொன்னது என்றேன்.
நெடுநேரம் தன் விரல்களைப் பார்த்தார்.
"அப்ப இந்த முப்பத்தெட்டு நாளு
எந்தக் கணக்குலங்க?"

பதினான்கு நாளுக்கொருமுறை
பஸ்ஸில் ஏற்றி, கூண்டில் நிறுத்தி,
இலக்கம் வாசித்து, திரும்ப ஏற்றியிருக்கிறார்கள்.
மொழிபெயர்ப்பாளர் ஒருவர், மன்றுகள் மூன்று.
அவர் ஓடிக்கொண்டிருந்திருப்பார்.
அவரில் பிழையில்லை.

முப்பத்தெட்டு.
பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்கு.
பஸ்ஸுக்குள் குறிப்பேட்டைப் பின்னால் புரட்டினேன்.
என் முதல் திங்கட்கிழமை.
பதினெட்டாவது வழக்கு.
என் உருண்டைக் கையெழுத்து: "சிலிண்டர். பிணை."
அடியில் ஒரு கோடு, அளவுகோல் வைத்து.

கூண்டிலிருந்து ஆறடியில் இருந்திருக்கிறேன்.
சிங்களம் விளங்கிய சந்தோசத்தில் இருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்தது.
மாப்பிள் கேக் வெட்டினார்கள்.
சமன்மலி மிஸ் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தா,
நான்காவது நிரலை வாசிக்காமலே.
ஐயாயிரத்தை எங்கிருந்து எடுத்தாவென்று
நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விரிவுரைக்குப் போகவில்லை.
மன்றில் பொதுசனம் இருக்கும் வாங்கில்
கோப்பும் இல்லாமல் பேனையும் இல்லாமல் இருந்தேன்.
பக்கத்தில், கொத்துத் தகட்டின் சூட்டுத்தழும்போடு ஹிஷாம்,
கிராம சேவகரின் கடிதத்தைப்
பொலித்தீன் பைக்குள் மடித்துப் பிடித்தபடி.
மொழிபெயர்ப்பாளரின் கதிரை வெறுமை.

இலக்கம் வாசித்தார்கள்.
நீதவான் அந்தச் சொல்லை
மறுபடியும் சொன்னார், அதே வேகத்தில்.
அரியமுத்து அவரைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
எனக்கு அங்கே வாய் திறக்க உரிமையில்லை.
திறந்தேன். சத்தமில்லாமல், உதட்டால் மட்டும்:
பி. ணை.

வாசலில் நின்ற பொலிஸ்காரர் குனிந்து,
"கதா கரண்ட எப்பா, மிஸ்" என்றார்.

கூண்டுக்குள் அரியமுத்துவுக்கு
சிரிப்பு வந்துவிட்டது.